வாந்தி மாத்திரையும் மலச்சிக்கலும்: மும்பைத் தமிழர்களே, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வசந்தி, செம்பூர்

மாமனாருக்கு நுரையீரல் புற்றுநோய். பரேலில் கீமோ நடக்குது, சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ. கீமோன்னாலே வாந்தி எடுத்தே ஆள் பாதியாயிடுவார்னு பயந்துட்டு இருந்தோம். அப்படி எதுவும் நடக்கலை. கீமோவுக்கு முன்னாடி ஒரு ஊசி, வீட்டுக்கு வந்ததும் ஓண்டான்செட்ரான் மாத்திரை. குமட்டல் இருந்தது, வாந்தி இல்லை.

ஆனா அந்த வாரம் முழுக்க அவர் பட்ட பாடு வேற. மோஷன் போகவே இல்லை. வயிறு உப்பி இறுகிப் போச்சு. தட்டை வெச்சா தள்ளி வெச்சுடுவார். பழைய காலத்து மனுஷர், மருமக கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு அடக்கிக்கிட்டே இருந்திருக்கார். என் கணவர் கிட்டகூட ராத்திரி விளக்கை அணைச்ச பிறகுதான் சொன்னார்.

மருத்துவமனையில கொடுத்த காகிதத்துல வாந்தி, காய்ச்சல், வாய்ப்புண், முடி கொட்டறது எல்லாம் இருந்தது. மலச்சிக்கல் பத்தி ஒரு வரி இல்லை. அடுத்த தடவை போனப்ப கேட்டேன். "வாந்தி மாத்திரை போட்டா சிலருக்கு அப்படித்தான் ஆகும், சிரப் குடுங்க"ன்னு ஹிந்தியில சொல்லிட்டு அந்த டாக்டர் அடுத்த ஃபைலை எடுத்துட்டார். அப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா அந்தச் சிரப்பை முதல் நாளே சீட்டுல எழுதியிருக்கலாமே?

இந்த மாதிரி மருந்து எடுத்தவங்க, வீட்டுல யாருக்காவது கொடுத்தவங்க, என்ன ஆச்சு, எது கேட்டதுன்னு எழுதுங்க. அடுத்து வர்ற குடும்பத்துக்காவது உதவும்.


ஓய்வுபெற்ற செவிலி, மாட்டுங்கா

வசந்தி, உன் கேள்வி நியாயமானதும்மா. என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி கீமோ வார்டில்தான் போச்சு. அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன், பொறுமையா படி.

முதல்ல ஒண்ணு. மலச்சிக்கல் வருதுன்னு அந்த மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. அது வர்றதுக்கு முந்தின வார்டை நான் பார்த்திருக்கேன். சிஸ்பிளாட்டின் ஏத்தின அன்னிக்கு ராத்திரி முழுக்க ஒவ்வொரு கட்டிலுக்கும் பேசின் தூக்கிட்டு ஓடுவோம். வாந்திக்குப் பயந்தே பாதியில சிகிச்சையை விட்டுட்டு ஊருக்குப் போனவங்க உண்டு. ஓண்டான்செட்ரானுக்கு அமெரிக்காவில் 1991ல அனுமதி கிடைச்சது. அது எங்க வார்டுக்கு வந்த பிறகு ராத்திரி ஷிஃப்டே மாறிப்போச்சு.

இப்ப உன் விஷயம். செரட்டோனின்னா மூளையில சுரக்கறது, மனசு சம்பந்தப்பட்டதுன்னுதான் நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பாங்க. உடம்புல இருக்கற செரட்டோனின்ல நூற்றுக்கு 90க்கு மேல இருக்கறது வயிறு, குடல்லதான். இத்தாலிக்காரர் விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930களில் அதைக் கண்டுபிடிச்சதே குடல் உட்சுவர்ல இருக்கற செல்கள்லதான். என்டெராமின்னு பேர் வெச்சார். அமெரிக்காவில் 1948ல இரத்தத்திலிருந்து வேற ஒரு குழு பிரிச்செடுத்து செரட்டோனின்னு பேர் கொடுத்தாங்க. ரெண்டும் ஒரே பொருள்னு பிறகுதான் தெரிய வந்தது.

சாப்பிட்டது குடல்சுவரைத் தள்ளும்போது அந்தச் செல்கள் கொஞ்சம் செரட்டோனினை விடும். பக்கத்துல இருக்கற நரம்பு நுனிகள் அதை வாங்கி, "நகர்த்து, தண்ணி சுர"ன்னு குடலுக்குச் சொல்லும். வீட்டு வாசல் அழைப்பு மணின்னு வெச்சுக்கோ. சிஸ்பிளாட்டின் உள்ளே போனா அந்தச் செல்கள் செரட்டோனினை மொத்தமா கொட்டிடும், மணி விடாம அடிக்கும். அந்தச் சேதி வேகஸ் நரம்பு வழியா மூளைக்குப் போய் வாந்தியா வருது. ஓண்டான்செட்ரான் அந்த நரம்பு நுனியில செரட்டோனினை வாங்கற 5-எச்டி3ங்கிற ஏற்பியை அடைச்சு மணியை நிறுத்திடுது. வாந்தி நிக்குது. ஆனா குடலை நகரச் சொல்ற சேதியில ஒரு பங்கும் அதே மணி வழியாத்தான் போகுது. பெருங்குடல்ல மலம் தங்கும், தங்கத் தங்க அதுல இருக்கற தண்ணி உறிஞ்சப்படும், இறுகிடும்.

நோயாளி பலவீனமா இருக்கறதாலதான் இப்படின்னு சிலர் சொல்வாங்க. அது மட்டும் காரணம் இல்லை. 1990ல நோய் எதுவும் இல்லாத ஆரோக்கியமான ஆட்களுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒண்ணு வந்தது. அவங்களுக்கும் பெருங்குடல் மெதுவாச்சு. மருந்தோட தகவல் தாளில் கீமோ நோயாளிகள் 100 பேரில் 9 பேருக்கு மலச்சிக்கல்னு போட்டிருக்கும். மாத்திரைக்குப் பதிலா வெறும் பொய் மாத்திரை எடுத்தவங்கள்ல ஒருத்தர்கூட தேறாது. ஆனா வீட்டுல இருக்கற நோயாளிக்கு இந்த மாத்திரை மட்டுமா? சரியா சாப்பிடறதில்லை, தண்ணி குடிக்கறதில்லை, நடக்கறதில்லை, வலிக்கு டிரமடால் இல்லேன்னா மார்ஃபின், சில கீமோவுல வின்கிரிஸ்டின். எல்லாம் ஒரே பக்கம் இழுக்கும்.

உங்க மாமனாருக்குப் போட்ட ஊசி என்னன்னு டிஸ்சார்ஜ் சீட்டுல பாரு. பலோனோசெட்ரானா இருக்கலாம், அதுவும் இதே வகை வாந்தி மருந்துதான். ஓண்டான்செட்ரான் உடம்புல பாதி குறைய சில மணி நேரம் போதும். பலோனோசெட்ரான் பாதி குறையவே சுமார் 40 மணி நேரம் ஆகும். ஊசி ஒண்ணுதானேன்னு நினைப்போம், அது குடல்ல நாள்கணக்குல வேலை செய்யும்.

அதனால நீ கேட்டது சரிதான். மலமிளக்கி கீமோ நாள்லயே ஆரம்பிக்கணும், சிக்கிக்கிட்ட பிறகு இல்லை. லாக்டுலோஸ் சிரப்போ, தண்ணியில கரைச்சுக் குடிக்கிற பாலிஎதிலீன் கிளைக்கால் பொடியோ எழுதுவாங்க. தேவைப்பட்டா ராத்திரிக்கு பிசகோடில் அல்லது சென்னா. எது, எவ்வளவுன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். நம்ம வீடுகள்ல உடனே இசப்கோல் வாங்கிடுவோம். அதுக்கு நிறையத் தண்ணி வேணும். தண்ணியே குடிக்க முடியாத ஆளுக்கு, குடல் மெதுவா ஓடற நேரத்துல கொடுத்தா அதுவே உள்ளே அடைச்சுக்கும்.

இனிமா, ஆசனவாயில வைக்கிற மருந்து எல்லாம் கீமோ ஓடறவங்களுக்கு வீட்டுல நீங்களா பண்ணாதீங்க. வெள்ளணு குறைஞ்சிருக்கற நேரத்துல ஒரு சின்னக் கீறல் போதும், கிருமி இரத்தத்துல ஏறிடும். இன்னொண்ணு, பல நாள் போகாம இருந்துட்டு திடீர்னு தண்ணியா கசிஞ்சா பேதின்னு நினைச்சு நிறுத்தற மாத்திரை கொடுத்துடாதீங்க. உள்ளே மலம் இறுகி அடைச்சிருக்கும், அதைச் சுத்தித் தண்ணி மட்டும் வழியும். வார்டுல இதை நிறையப் பார்த்திருக்கேன்.


தாராவி மெடிக்கல்

அக்கா எழுதுனதுக்கு மேல நான் மருத்துவம் சொல்ல வரல. கவுண்டர்ல பாக்குறதைச் சொல்லுதேன்.

எங்க கடை 90 அடி ரோட்டுக்கு உள்பக்கம். ஓண்டான்செட்ரானை மிட்டாய் கேக்குற மாதிரி கேப்பாவ. பஸ்ல வாந்தி, குடிச்சிட்டு வாந்தி, கர்ப்பிணிக்கு வாந்தி, எல்லாத்துக்கும் "அந்த வாந்தி கோலி குடு". ரெண்டு மூணு நாள் கழிச்சு அதே ஆளு வந்து "பேட் சாஃப் நஹி ஹுவா", வயிறு சுத்தமாகலன்னு நிப்பாரு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்டதுன்னு அவருக்குத் தெரியாது. ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் கேக்கேன்: வாந்தி எப்ப இருந்து, கடைசியா வெளிக்குப் போனது எப்ப, வாயு பிரியுதா.

ஏன் கேக்கேன்னா, ஒரு தோல் பட்டறைத் தம்பி, நம்ம ஊர்ப் பையன்தான், வயித்தைப் பிடிச்சிக்கிட்டு வந்தான். வாந்தி நிக்கல, மாத்திரை குடுங்கண்ணேங்கான். வயிறு நல்லா உப்பி இருக்கு. மலமும் போகல, வாயுவும் பிரியல. நான் மாத்திரை குடுக்கல. ஆட்டோ பிடிச்சு நேரா சயான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குடல் அடைப்பு. அன்னிக்கே ஆபரேஷன் பண்ணுனாவ. அந்த மாத்திரையோட தகவல் தாள்லயே போட்டிருக்கு: இது குடலை ஓட வைக்கிற மருந்து இல்ல, குடல் ஓட்டம் நின்னுபோறதையும் வயிறு வீங்குறதையும் இது வெளியத் தெரியாம மறைச்சிரலாம்னு. வாந்தி நின்னுச்சுன்னு வீட்டுல படுத்துக் கிடந்திருப்பான். நெனச்சாலே நெஞ்சு பதறுது.

வாந்தி, வயித்து உப்பல், வாயுவும் பிரியல, இது மூணும் சேந்து இருந்தா மெடிக்கல் ஷாப்புக்கு வராதீங்க, கேஷுவால்டிக்குப் போங்க.

அக்கா சென்னா பத்திச் சொன்னாவ இல்லையா, அது எங்க திருநெல்வேலிச் சரக்கு. நிலாவாரைன்னு ஊர்ல சொல்லுவோம். வெளிநாட்டு மருந்துப் புத்தகத்துலயே திருநெல்வேலிச் சென்னான்னுதான் பேரு. ஊர்ச் சரக்குங்கறதுக்காக அளவில்லாம கஷாயம் வெச்சிக் குடிக்காதீங்க, வயிறு முறுக்கி எடுத்துரும்.


வசந்தி, செம்பூர்

அக்கா, நீங்க எழுதினதைக் கணவர் மாமனாருக்கு வாசிச்சுக் காட்டினார். "அப்ப இது என் தப்பு இல்லையா"ன்னு கேட்டாராம். சாப்பாட்டுல ஏதோ கெடுத்துக்கிட்டோம்னு தன்னையே குறை சொல்லிட்டு இருந்திருக்கார். எனக்கு அழுகை வந்துடுச்சு.

ஊசி பலோனோசெட்ரான்தான், சீட்டுல இருக்கு. இந்தச் சுற்றுக்கு மலமிளக்கி கேட்டு முன்கூட்டியே எழுதி வாங்கிட்டோம். பாலிஎதிலீன் கிளைக்கால் பொடி, கீமோ அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சோம். இறுகல் இருக்கு, ஆனா போகுது. சாப்பிடறார். நேத்து மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்கீரை வாங்கிட்டு வான்னு கேட்டார்.


லோக்கல் பயணி, டோம்பிவிலி

என் கதை இதற்கு நேர் எதிர். இந்த ஏற்பியை அடைக்கிற மருந்தால்தான் நான் வேலைக்கே போக முடிகிறது.

எனக்கு எரிச்சல் குடல் நோய், பேதி வகை. காலையில் எழுந்தால் அடுத்தடுத்து ஓட வேண்டும். டோம்பிவிலியிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை லோக்கல். லோக்கல் வண்டியில் கழிப்பறை கிடையாது. டாணே தாண்டி வண்டி சிக்னலில் நின்றால் உயிர் போகும். வீட்டில் எதையும் சாப்பிடாமல் கிளம்புவேன். எந்த ஸ்டேஷனில் எந்தப் பிளாட்பாரத்தில் கழிப்பறை இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இப்படியே வருடக்கணக்கில். எல்லாப் பரிசோதனையும் செய்து, வேறு நோய் இல்லை என்று உறுதியான பிறகு ஒரு குடல் மருத்துவர் ராமோசெட்ரான் எழுதினார். அதுவும் 5-எச்டி3 ஏற்பியை அடைக்கிற மருந்துதான். வாந்திக்கு மில்லிகிராம் கணக்கில் கொடுப்பதை எனக்குக் காலையில் 5 மைக்ரோகிராம். ஜப்பானில் 2008ல் ஆண்களின் பேதி வகை நோய்க்கு இதே அளவில்தான் அனுமதி கொடுத்தார்கள்.

அவசரம் குறைந்தது. மலம் கெட்டிப்பட்டது. வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் இட்லி சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுகிறேன். என்னைப் போல இருக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆனால் மருத்துவர் முதல் நாளே எச்சரித்தார். மலச்சிக்கல் வந்தால் உடனே நிறுத்திவிட்டுப் போன் செய்யச் சொன்னார். கடுமையான வயிற்றுவலியோ, மலத்தில் இரத்தமோ வந்தால் காத்திருக்கக் கூடாது என்றார். காரணமும் சொன்னார். இதே வகையில் அலோசெட்ரான் என்ற மருந்தை அமெரிக்காவில் 2000 பிப்ரவரியில் அனுமதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கடைகளிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. சிலருக்குப் பெருங்குடலுக்கு இரத்த ஓட்டம் குறைந்து புண்ணானது, சிலருக்கு மலச்சிக்கல் முற்றி மருத்துவமனை, அறுவை என்று போனது, உயிரிழப்பும் இருந்தது. பிறகு நோயாளிகளே அந்த மருந்து வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். 2002ல் கடும் கட்டுப்பாடுகளோடு, நோய் மிகக் கடுமையாக உள்ள பெண்களுக்கு மட்டும் என்று திரும்பி வந்தது. என் வலியை அனுபவித்தவன் என்பதால் சொல்கிறேன், அவர்கள் கேட்டதன் நியாயம் எனக்குப் புரிகிறது.

இதைப் படித்துவிட்டுக் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். எல்லாப் பேதியும் இந்த வகை இல்லை.


முல்லை அம்மா, முலுண்ட்

மழை ஆரம்பிச்சதும் என் பொண்ணுக்கு வாந்தியும் பேதியும். குழந்தை டாக்டர் ஓண்டான்செட்ரான் சிரப் ஒரே ஒரு வேளை கொடுத்தாங்க. வாந்தி நின்னுது, பேதி நிக்கலை. இந்த மருந்து குடலைக் கட்டும்னா பேதியும் நின்னிருக்கணுமே? இன்னொரு வேளை கொடுக்கலாமான்னு என் அக்கா கேக்கறா.


ஓய்வுபெற்ற செவிலி, மாட்டுங்கா

கொடுக்க வேண்டாம்மா. அந்த ஒரு வேளை எதுக்குன்னா, வாந்தி அடங்கி, ஓ.ஆர்.எஸ். உள்ளே தங்கறதுக்கு. அதனால எத்தனையோ குழந்தைகளுக்கு சலைன் ஏத்தற வேலை மிச்சம். கிருமியால வர்ற பேதியை இது நிறுத்தாது. குழந்தைகள்கிட்ட நடந்த ஆய்வுகள்ல மருந்து கொடுத்த குழந்தைகளுக்குப் பேதி கொஞ்சம் கூடுதலாகூட இருந்திருக்கு, வாந்தியில வெளியே போக வேண்டியது கீழ்வழியா போகுதுன்னு வெச்சுக்கோயேன். ஓ.ஆர்.எஸ்., ஜிங்க், தாய்ப்பால் குடிக்கற வயசுன்னா தாய்ப்பால். சிறுநீர் குறைஞ்சா, குழந்தை துவண்டா, மலத்துல இரத்தம் வந்தா உடனே டாக்டர் கிட்ட போ.


அண்ணன், ஆண்டாப் ஹில்

இதை எழுதலாமா வேண்டாமான்னு நினைச்சேன். வசந்தியோட மாமனார் வெட்கப்பட்டு அடக்கினார்னு படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு.

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரீனியா. வேற எந்த மருந்துக்கும் கேக்காம கடைசியா குளோசபின்ல நிக்கிறான். அந்த மருந்துதான் அவனை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. காலையில எழுந்து எங்க அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுக்கிறான். அது செரட்டோனின் ஏற்பிகள் சிலதை அடைக்கும், அதோட அசெட்டைல்கோலினையும் அடைக்கும். குடலை ஓட்டுற ரெண்டு சேதியும் ஒரே நேரத்துல மங்கிடும்னு எங்க மனநல மருத்துவர் சொன்னார். வாரம் வாரம் இரத்தம் எடுத்து வெள்ளணு பார்ப்பாங்க, அதை எல்லாரும் ஒழுங்கா செய்வாங்க. குடலைப் பத்தி யாரும் கேக்கறது இல்லை. குளோசபின் எடுக்கிறவங்க மலச்சிக்கல் முத்திக் குடல் அடைச்சு இறந்துபோயிருக்காங்க. அமெரிக்க மருந்து ஆணையம் 2020 ஜனவரியில இதுக்குன்னே எச்சரிக்கையைக் கடுமையாக்கினது.

இந்த நோய் இருக்கறவங்களுக்கு வயித்துல என்ன நடக்குதுன்னு சொல்லத் தோணாது, வலியே சரியா தெரியாமலும் போகும். தம்பியா வந்து "அண்ணா, எனக்குப் போகல"ன்னு ஒருநாளும் சொன்னதில்லை. அதனால எங்க வீட்டுல காலண்டர்ல பால் கணக்கு எழுதற இடத்துக்குப் பக்கத்துலயே அதையும் எழுதறோம். அவனே டிக் போடுவான். தொடர்ந்து டிக் விழலைன்னா டாக்டருக்குப் போன் போகும். லாக்டுலோஸ் தினமும் உண்டு, சிக்கல் இருந்தாலும் இல்லாட்டியும். சளிக்குன்னு கடையில தூக்கம் வர்ற மாத்திரை எதுவும் வாங்கிக் கொடுக்க மாட்டோம், அதுவும் குடலைக் கட்டும்.

செவிலி அக்காவுக்கு ஒரு கேள்வி. போன மாசம் அவனுக்கு வாந்தி வந்தப்ப பக்கத்து கிளினிக்ல ஓண்டான்செட்ரான் எழுதினாங்க. குளோசபின்னு சொன்னதும் எடுத்துட்டாங்க. ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாதா?


ஓய்வுபெற்ற செவிலி, மாட்டுங்கா

தம்பி, அந்த கிளினிக்காரர் நல்ல வேலை செஞ்சிருக்கார். குடல் கட்டறது ஒரு காரணம். இன்னொரு காரணம் இதயம். ரெண்டு மருந்தும் ஈசிஜியில கியூடி இடைவெளியை நீட்டக்கூடியது, அது ரொம்ப நீண்டா இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். வாந்தியில பொட்டாசியம் குறைஞ்சிருந்தா இன்னும் ஆபத்து. கொடுக்கவே கூடாதுன்னு இல்லை, கொடுத்தா ஈசிஜி, பொட்டாசியம் பார்த்து, அவனோட மனநல மருத்துவருக்குத் தெரிஞ்சுதான் கொடுக்கணும்.

அதைவிட முக்கியம், குளோசபின் எடுக்கிறவனுக்கு வாந்தி வந்தா முதல் கேள்வி காலண்டர்தான். கடைசி டிக் எப்பன்னு பாருங்க, வயிறு உப்பியிருக்கான்னு தொட்டுப் பாருங்க. டிக் இல்லாம வாந்தி மட்டும் வருதுன்னா கிளினிக் வேண்டாம், நேரா பெரிய ஆஸ்பத்திரி. அந்தக் காலண்டர் தாளையும் கிழிச்சுக் கையோட எடுத்துட்டுப் போங்க, டியூட்டி டாக்டர் கேட்கறதுக்கு முன்னாடியே காட்டுங்க.